குரைக்கிற நாய்க்குக் கூலி கொடுப்பது யார்?

"கடிக்காது அண்ணாச்சி, சும்மா உள்ள வாங்க."

மின்வாரியத்தில் வீடு வீடாக ரீடிங் எடுத்த காலத்தில் நான் அதிகம் கேட்ட பொய் இதுதான். பாளையங்கோட்டையில் சமாதானபுரம், பெருமாள்புரம், மகாராஜநகர், தியாகராஜநகர் என்று நடக்காத தெரு இல்லை. மீட்டர் கேட்டுக்கு உள்ளே இருக்கும். கேட்டுக்கும் மீட்டருக்கும் நடுவில் நாய் இருக்கும். 1998ல் ஒரு வீட்டில், வாலை ஆட்டிக்கொண்டு வந்த நாயை நம்பி உள்ளே போனேன். மீட்டரைப் பார்க்கத் திரும்பியதும் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றித்தான் ஊசி. வீட்டுக்காரர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "இதுவரைக்கும் யாரையும் கடிச்சதில்லயே, நீங்க என்ன செஞ்சீங்க?"

அதற்குப் பிறகு வாலை மட்டும் பார்ப்பதை விட்டேன். பிரியமாக இருக்கிற நாய் இடுப்போடு சேர்த்து வாலை ஆட்டும், உடம்பு தளர்ந்திருக்கும். வாலைக் கம்பிபோல் மேலே தூக்கி, நுனியை மட்டும் வெடுக்வெடுக்கென்று ஆட்டினால் அது வரவேற்பு இல்லை. உடம்பு கல்லாக நிற்பது, கடைக்கண்ணில் வெள்ளை தெரிவது, எதிரில் தீனி இல்லாமலே உதட்டை நக்குவது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, இதெல்லாம் "எனக்குச் சரிப்படவில்லை" என்று நாய் சொல்லும் விதங்கள். உங்கள் நாயைத் திருத்த உட்காரும் முன்னால் ஒரு வாரம் இதை மட்டும் கவனியுங்கள்.

2014ல் ஓய்வு பெற்றபின் நானே இரண்டு வளர்க்கிறேன். துரை, கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த சிப்பிப்பாறை இன வேட்டை நாய். செவலை, மழைநாளில் எங்கள் வாறுகாலிலிருந்து, அதாவது தெருச் சாக்கடையிலிருந்து தூக்கிய நாட்டு நாய். என் மகள் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவள். அவள் படித்து வந்து சொன்னதும், நான் கேட்டுக்கு வெளியே நின்று கற்றதும் சேர்ந்ததுதான் இது.

முதலில் என் தொழிலிலிருந்தே ஒரு கணக்கு. நான் வருகிறேன், நாய் குரைக்கிறது, நான் அட்டையில் எழுதிவிட்டுப் போகிறேன். வேலை முடிந்ததால் போனேன் என்பது எனக்குத் தெரியும், நாய்க்குத் தெரியாது. தான் குரைத்த குரைப்பில் பயந்து ஓடிவிட்டான் என்று அது தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். நான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறவன். பால்காரர், பேப்பர் போடுகிற பையன், சிலிண்டர்காரர் எல்லாம் அடிக்கடி வருகிறார்கள், எல்லோரும் திரும்பிப் போகிறார்கள். ஒரு தடவைகூடத் தோற்காத காவல்காரனாகத் தன்னை நினைத்துக்கொண்டிருக்கும் நாயிடம் போய், ஏன் குரைக்கிறாய் என்று அடித்தால் அதற்கு என்ன புரியும்?

நாய் ஒரு சேட்டையைத் திரும்பத் திரும்பச் செய்கிறது என்றால், அதற்கு எங்கிருந்தோ கூலி கிடைக்கிறது. கொடுப்பது பெரும்பாலும் வீட்டு ஆட்கள்தான். கூலியை நிறுத்தி, நல்ல காரியத்துக்கு அதே கூலியைக் கொடுப்பதுதான் திருத்தும் வேலையில் முக்கால்வாசி. மீதி கால்வாசி பயமும் நோவும். அவை வேறு கணக்கு, பின்னால் சொல்கிறேன்.

ஒரு அட்டை எடுங்கள். நாங்கள் மீட்டர் அருகில் தொங்கவிடும் அட்டை மாதிரிதான், நோட்டின் பின்பக்கம் இருந்தாலும் சரி. சேட்டை நடக்கும்போதெல்லாம் மூன்று விஷயம் எழுதுங்கள்: அதற்கு முன்னால் என்ன நடந்தது, நாய் என்ன செய்தது, செய்தபின் அதற்கு என்ன கிடைத்தது. பத்து நாள் எழுதினால் போதும். எதிர்வீட்டு ஆச்சி, "எங்க டாமி ராத்திரியெல்லாம் காரணமே இல்லாம குரைக்கு" என்று புலம்பினார்கள். எழுதச் சொன்னேன். நாலாம் நாளே தெரிந்துவிட்டது, அது குரைத்தால் ஆச்சி எழுந்து வந்து அதட்டுவார்கள், பிறகு பாவமாக இருக்கிறதென்று பிஸ்கட் போடுவார்கள். டாமிக்கு அது மணி அடித்துச் சர்வரைக் கூப்பிடுவது போல.

கேட்டில் குரைப்பதை இப்படித்தான் குறைத்தேன். முதல் வேலை, பார்வையை மறைப்பது. கம்பிக் கேட்டில் துரையின் உயரத்துக்குத் தகரம் அடித்தேன். தெருவில் போகிற ஒவ்வொரு காலும் தெரியாமல் போனதும் பாதிக் குரைப்பு அதோடு நின்றது. அடுத்து, வாசலிலிருந்து பத்தடி தள்ளி ஒரு கோணிச்சாக்கை விரித்து, "சாக்கு" என்று சொன்னால் அதில் போய் உட்காரப் பழக்கினேன். அவித்த கோழிக்கறியைப் பட்டாணி அளவு கிள்ளி வைத்துக்கொள்ளுங்கள். உப்பு, மசாலா கூடாது. வெங்காயம் போட்டு வதக்கிய கறி நாய்க்கு விஷம், நினைவிருக்கட்டும். சாக்கில் கால் வைத்தால் ஒரு துண்டு, உட்கார்ந்தால் இரண்டு. நாளுக்கு ஐந்து நிமிடமாக இரண்டு தடவை, அதற்கு மேல் வேண்டாம், நாய்க்கும் சலித்துவிடும். வீடு அமைதியாக இருக்கும்போது இது நன்றாக வந்தபிறகுதான் வாசல் மணி. முதலில் என் மனைவி வெளியே நின்று மணியை அடிப்பாள், நான் உள்ளே "சாக்கு" என்பேன். பிறகு பக்கத்து வீட்டுப் பையன், அப்புறம் துரைக்குக் கொஞ்சமும் பிடிக்காத பால்காரர். பால்காரர் வருவது சாக்குக்குப் போய்க் கறி தின்னும் நேரம் என்று ஆவதற்கு ஏழு வாரம் பிடித்தது.

நீங்கள் கத்தக்கூடாது. "ஏலே, சும்மா இருலே!" என்று நாம் தொண்டை கிழியக் கத்தினால், முதலாளியும் கூடச் சேர்ந்து குரைக்கிறார் என்றுதான் அதற்குத் தோன்றும். இரண்டு குரைப்பு குரைக்க விடுங்கள், காவலுக்குத்தானே வளர்க்கிறோம். பிறகு மெல்ல "போதும்" என்று சொல்லி மூக்கருகில் துண்டைக் காட்டுங்கள். மோந்து பார்க்கத் தொடங்கினால் குரைப்பு தானாக நின்றுவிடும். நின்றபிறகு கொடுங்கள்.

இங்கே பாதிப் பேர் விட்டுவிடும் ஒரு கட்டம் வரும். கூலியை நிறுத்தியதும் சேட்டை குறையாது, முதலில் கூடும். கரண்டு போனதும் ஸ்விட்சை நாலு தடவை தட்டிப் பார்க்கிறோம் இல்லையா, அதேதான். ஆச்சி வீட்டு டாமி, பிஸ்கட் நின்ற மூன்றாம் ராத்திரி தெருவையே எழுப்பியது. அன்றைக்கு எழுந்து பிஸ்கட் போட்டிருந்தால், இவ்வளவு சத்தம் போட்டால்தான் கிடைக்கும் என்று அது கற்றிருக்கும். நான் பக்கத்து வீடுகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். ஆறாம் ராத்திரி எல்லோரும் தூங்கினோம்.

மேலே தாவி ஏறும் நாய்க்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தாவினால் கையைக் கட்டிக்கொண்டு முதுகைக் காட்டுங்கள், பேசாதீர்கள், தள்ளிவிடவும் வேண்டாம். தள்ளுவது அதற்கு விளையாட்டு. நாலு காலும் தரையில் நின்றபிறகு குனிந்து தடவிக் கொடுங்கள். சிக்கல் நாயிடம் இல்லை, என் மச்சினனிடம். நாங்கள் எல்லோரும் முதுகைக் காட்டுவோம், அவன் ஞாயிற்றுக்கிழமை வந்து, "வாடா துரை!" என்று இரண்டு கையையும் விரிப்பான். எப்போதாவது கிடைக்கும் கூலிக்குத்தான் பிடிமானம் அதிகம். தமிழ்நாட்டில் 2003ல் லாட்டரியை ஒழித்தார்கள், மச்சினன் எங்கள் வீட்டு முற்றத்தில் திரும்பத் திறந்துவிட்டான். நாயைப் பழக்க ஒரு மாதம், அவனைப் பழக்க ஒரு வருடம்.

செருப்புக் கடிப்பதற்கு வருவோம். 4 மாதத்திலிருந்து 6 மாதம் வரை குட்டிக்குப் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும், ஈறு நமநமக்கும், எதையாவது கடித்தே ஆக வேண்டும். ஈரத்துணியை முறுக்கி ஃபிரிஜ்ஜில் உறையவைத்துப் பக்கத்தில் இருந்தபடி கடிக்கக் கொடுங்கள், முழு கேரட் கொடுங்கள், கடையில் விற்கும் கெட்டி ரப்பர் பொம்மையும் சரி. வேகவைத்த எலும்பு வேண்டாம், சிம்புசிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். பழைய செருப்பை விளையாடக் கொடுப்பதும் தப்பு. எது பழையது, எது போன வாரம் வாங்கிய புதுச் செருப்பு என்று நாய் பார்க்காது. செருப்பை அலமாரியில் வையுங்கள், அதுதான் மலிவான வைத்தியம். கவ்விக்கொண்டு ஓடினால் துரத்தாதீர்கள், நீங்கள் துரத்துவதுதான் கூலி. அப்படியே நின்று வேறொன்றைக் காட்டிப் பண்டமாற்றுச் செய்யுங்கள். குட்டி விளையாட்டில் கையைக் கடித்தாலும் இதேதான், அரை நிமிடம் விளையாட்டை நிறுத்திவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கும் குட்டியின் மூக்கை அதில் தேய்ப்பவர்களை இன்னும் பார்க்கிறேன். பத்து நிமிடத்துக்கு முன்னால் போனதற்கு இப்போது அடித்தால், நம்மைக் கண்டால் ஒளிந்து போக வேண்டும் என்று மட்டும்தான் அது கற்கும். பிறகு கட்டிலுக்கு அடியில் போய்வைக்கும். தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடிந்ததும் வெளியே தூக்கிக்கொண்டு போங்கள். இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. வெளியே சிறுநீர் கழித்த அந்த நொடியே, அந்த இடத்திலேயே ஒரு துண்டு கொடுங்கள், வீட்டுக்குள் வந்தபிறகு கொடுத்தால் கணக்கு மாறிவிடும். தரையைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவி, வினிகர் கலந்த தண்ணீரில் துடையுங்கள். பினாயில் வாசனை நம் மூக்கைத்தான் ஏமாற்றும். நன்றாகப் பழகிய பெரிய நாய் திடீரென்று உள்ளே போகத் தொடங்கினால் அது சேட்டை இல்லை, சிறுநீர்ப்பையிலோ சிறுநீரகத்திலோ கோளாறு இருக்கலாம். டாக்டரிடம் போங்கள். பொதுவாகவே திடீரென்று மாறும் குணத்துக்குப் பின்னால் நோவு இருக்கும். தொட்டால் சீறும் கிழநாய்க்குக் காதில் சீழோ மூட்டில் வலியோ இருக்கலாம்.

தனியாக விட்டால் ஊளையிடுவது, கதவைப் பிறாண்டுவது, இது பயம். செவலைக்கு இருந்தது. நாங்கள் செருப்பை மாட்டினாலே நடுங்கும். அதனால் செருப்பை மாட்டி, எங்கேயும் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்தேன், நாளுக்குப் பத்துத் தடவை. என் மனைவி எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே நினைத்தாள். பிறகு கதவைச் சாத்தி ஐந்து நொடி, பத்து நொடி, ஒரு நிமிடம். அது பதறத் தொடங்கும் முன்னால் திரும்பி வந்துவிட வேண்டும். அரை மணி நேரத்துக்கு வர இரண்டு மாதம் ஆனது. போகும்போதும் வரும்போதும் பெரிய கொஞ்சல் வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு ஆதங்கம். எங்கள் பக்கம் பகல் முழுக்கச் சங்கிலியில் கட்டிவைத்து ராத்திரி அவிழ்த்துவிடுவார்கள். நான் ரீடிங் எடுத்த வீடுகளில் மோசமான நாய்கள் எல்லாம் ஆறடிச் சங்கிலி நாய்கள்தான். நடக்க விடாத நாயிடம் எந்த வித்தையும் பலிக்காது. துரையை விடிகாலையில் பாளையங்கால்வாய்க் கரையில் ஒரு மணி நேரம் நடத்திவிட்டு வந்தால், பகலில் அது குரைக்கவே சோம்பல்படும்.

இன்னொன்று, "நாமதான் தலைவன்னு காட்டணும், மல்லாக்கப் போட்டு அமுக்கு" என்று சொல்பவர்கள். இந்த யோசனை அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆராய்ச்சியாளர் 1947ல் எழுதியதிலிருந்து வந்தது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஓநாய்களை ஒரே கூண்டில் அடைத்தால் சண்டை போடாமல் என்ன செய்யும்? அதை 1970ல் பிரபலமாக்கிய ஓநாய் ஆராய்ச்சியாளர் டேவிட் மீச், காட்டில் ஓநாய்களைப் பார்த்துவிட்டு, ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள் உள்ள குடும்பம்தான் என்று 1999ல் திருத்தி எழுதினார். சிப்பிப்பாறையை அமுக்கினால் கடிக்கும், இல்லாவிட்டால் ஒடுங்கிப்போகும். ரோஷக்கார நாய், ஒரு தடவை அதட்டினால் ரெண்டு நாள் முகம் கொடுக்காது.

இதுவரை கூலியை நிறுத்தச் சொன்னேன். கோழி துரத்துகிற நாயிடம் அது முடியாது, ஏனென்றால் துரத்துவதேதான் அதற்குக் கூலி. கரிசல் காட்டில் முயல் பிடிக்கவென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த இனம் சிப்பிப்பாறை. 1972ன் வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை குற்றம், அது காலுக்குத் தெரியுமா? நாங்குநேரிப் பக்கம் மாமனார் ஊருக்குக் கொண்டுபோன முதல் தடவையே துரை ஒரு சேவலை முடித்துவிட்டது. 600 ரூபாய் கொடுத்தேன். செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டால் திருந்தும் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்னார். பழைய வைத்தியம், ஆனால் துரைக்கு அது மாலை மரியாதை போல ஆகியிருக்கும். செய்யவில்லை.

செய்தது வேறு. முப்பதடி கயிறு வாங்கினேன், கழுத்துக்குப் போடாமல் மார்போடு சேர்த்து மாட்டும் பட்டையில் கட்டினேன். கழுத்தில் கட்டி அது பாய்ந்தால் குரல்வளை போய்விடும். கோழி இல்லாத இடத்தில் "துரை, வா" என்று கூப்பிட்டு, வந்தால் ஈரல் கொடுத்தேன். ஈரல் இதற்கு மட்டும், வேறு எதற்கும் கிடையாது. பிறகு கோழி நூறடி தள்ளி மேயும் இடம். கோழியைப் பார்த்து, காதைத் தூக்கி, ஆனால் இன்னும் பாயாத அந்த ஒரு கணத்தில் கூப்பிட வேண்டும். பாய்ந்தபிறகு நெல்லையப்பரே இறங்கி வந்து கூப்பிட்டாலும் கேட்காது. நூறடி எண்பதானது, எண்பது ஐம்பதானது. இருபதுக்குக் கீழே இன்றுவரை வரவில்லை. அதனால் ஊருக்குப் போனால் கயிறு கையில்தான். எல்லாம் திருந்தும் என்று நான் சொல்லமாட்டேன், சிலவற்றைக் கயிறு போட்டுத்தான் சமாளிக்க வேண்டும்.

வெடிச் சத்தம். எங்கள் ஊரில் தீபாவளியோடு முடியாது, கோயில் கொடைக்குக் கொடை (எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழா) வெடி, மேளம், ஸ்பீக்கர். பயந்த நாயைக் கொஞ்சினால் பயம் கூடிவிடும் என்பார்கள், அது சரியில்லை. பயம் கூலிக்காகச் செய்யும் காரியம் இல்லை, அணைத்துக்கொள்வதால் வளராது. அது உங்களிடம் வந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், கட்டிலுக்கடியில் போனால் இழுக்காதீர்கள். கொடைக்கு ஒரு மாதம் முன்னாலேயே போனில் வெடிச் சத்தத்தை மிக மெதுவாக வைத்து அதே நேரம் தீனி போட்டு, வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். அன்றைக்குச் சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வெளியே கூட்டிப்போய் வந்து, சன்னலைச் சாத்தி, மின்விசிறியை முழு வேகத்தில் விட்டு, டிவியைப் போடுங்கள். வெளியே கட்டிப்போடக் கூடாது, சங்கிலியோடு அறுத்துக்கொண்டு ஓடிய நாய்கள் உண்டு. மிகவும் நடுங்கும் நாய்க்கு டாக்டர் மாத்திரை தருவார், கடைசி நாளில் போய் நிற்காதீர்கள். நம் வீட்டு மாத்திரையை உடைத்துக் கொடுக்கவே கூடாது.

தின்னும்போது உறுமும் நாயின் கிண்ணத்தில் கைவைத்துப் "பழக்குகிறேன்" என்பவர்கள் கடி வாங்கிய கதை எனக்கு நிறையத் தெரியும். உறுமல் எச்சரிக்கை. உறுமினதற்கு அடித்தால் உறுமலை விட்டுவிட்டு நேரே கடிக்கும், என் கெண்டைக்காலைக் கடித்த நாயும் அப்படி வளர்ந்ததாகத்தான் இருக்க வேண்டும். தள்ளி நின்று, தின்கிற கிண்ணத்தைவிட ருசியான துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். மனிதன் பக்கத்தில் வந்தால் எடுக்க வரவில்லை, கொடுக்க வருகிறான் என்று ஆக வேண்டும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்தப் பரிசோதனையே வேண்டாம். தனி அறையில் கதவைச் சாத்தித் தீனி போடுங்கள், நாய் பழக்கத் தெரிந்த ஒரு ஆளைக் கூப்பிடுங்கள்.

குட்டி வாங்கப் போகிறவர்களுக்கு: மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதம் வரையிலான காலம் திரும்ப வராது. அந்த வயதில் குடை, ஹெல்மெட், தாடி, குழந்தை, சைக்கிள், காக்கிச் சட்டை எல்லாவற்றையும் நல்லபடியாகப் பார்த்த குட்டி பிறகு எதற்கும் மிரளாது. தடுப்பூசி முடியவில்லையா, தரையில் விடாமல் தூக்கிக்கொண்டு தெருவைக் காட்டுங்கள். வெறிநோய் ஊசியை வருடம் தவறாமல் போடுங்கள். அப்படியும் யாரையாவது கடித்துவிட்டால், மஞ்சளும் மிளகாயும் அப்பாமல், குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, நேரே அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். சின்னக் கீறல்தானே என்று இருந்துவிடக் கூடாது. வெறிநோய் குறி காட்டியபின் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை.

இப்போது எங்கள் வீட்டுக்கு ரீடிங் எடுக்க வருவது ஒரு சின்னப் பையன். முதல் தடவை அவன் கேட்டில் நின்றபோது என் வாயிலும் அதேதான் வந்தது, "கடிக்காது தம்பி…" பாதியில் நிறுத்திக்கொண்டேன். "ஒரு நிமிசம் நில்லு, கட்டிட்டு வாரேன்" என்று துரையைச் சாக்கில் உட்காரவைத்துக் கட்டிவிட்டு, அவன் கையில் இரண்டு துண்டு கோழிக்கறியைக் கொடுத்து, போகும்போது போட்டுவிட்டுப் போகச் சொன்னேன். அவன் விரல் நுனியால் பிடித்து, பத்தடி தள்ளி நின்று எறிந்தான். ஒன்று மீட்டர் பெட்டிமேல் விழுந்தது. இந்தத் தடவை வந்தபோது அவனே கையை நீட்டிக் கேட்டான்.